அறுவைக்கு முன் மயக்கவியல் ஆலோசனை: குடலைப் பற்றியும் விசாரித்த ஒரு மருத்துவமனைச் சேவை

கடந்த ஆண்டு கார்த்திகை மாதத்தில், திருச்சியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் என் அம்மாவுக்குப் பெருங்குடல் அறுவைச் சிகிச்சை நடந்தது. பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த கட்டியைச் சிறு துளைகள் வழியே செய்யும் லாப்ராஸ்கோப்பி முறையில் அகற்றி, சிறுகுடலின் முனையை எஞ்சிய பெருங்குடலோடு இணைத்தார்கள். அம்மாவுக்கு வயது 66. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அறுவை மருத்துவரின் திறமையைப் பற்றியோ அறையின் வசதியைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை. அறுவைக்கு 8 நாட்களுக்கு முன்பு நாங்கள் சென்ற மயக்கவியல் ஆலோசனைப் பிரிவைப் பற்றியும், அங்கே வகுக்கப்பட்ட திட்டம் அம்மா வீடு திரும்பும்வரை எந்த அளவுக்கு நிறைவேறியது என்பதைப் பற்றியுமே எழுதுகிறேன். சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய பிரிவு உங்கள் ஊர் மருத்துவமனையில் இருந்தால் அங்கே என்ன எதிர்பார்க்கலாம், என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

இந்தப் பிரிவை நான் ஏன் இவ்வளவு கவனித்தேன் என்பதற்குக் காரணம் அப்பா. 2016-இல் வேறோர் ஊரில், வேறொரு மருத்துவமனையில் அவருக்குப் பித்தப்பை அகற்றப்பட்டது. வயிற்றைத் திறந்து செய்த அறுவை அது. 'அனஸ்தீசியா ஃபிட்னஸ்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மயக்க மருத்துவரை நாங்கள் முதன்முதலில் பார்த்தது அறுவை அரங்கின் வாசலில்தான். முந்தைய இரவு 9 மணிக்குப் பிறகு தண்ணீர்கூடத் தரக்கூடாது என்றார்கள். அறுவை தொடங்கியதோ மறுநாள் பகல் 1 மணிக்கு. அதன்பின் வலிக்கு டிரமடால் ஊசி, கிருமி வராமல் இருக்க 7 நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி. 5 நாட்கள் அவருக்குக் காற்றுப் பிரியவில்லை. வயிறு பறைபோல் உப்பி, மூக்குவழியே குழாய் போட்டு, ஒரு வாய் கஞ்சிகூட இறங்காமல் அவர் படுத்திருந்த கோலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறிமாறி வந்தன. 'மயக்க மருந்து உடம்பை விட்டு இறங்கவில்லை' என்று உறவினர்கள் சொன்னார்கள். அது சரியான விளக்கம் அல்ல என்று இப்போது புரிகிறது. ஆனால் அவர்கள் சந்தேகப்பட்ட திசை முற்றிலும் தவறும் அல்ல.

அம்மாவின் ஆலோசனைக்கு 600 ரூபாய் கட்டணம். பதிவு செய்யும் இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே சென்ற பிறகு மருத்துவர் எங்களோடு ஏறத்தாழ 50 நிமிடங்கள் பேசினார். இதயம், நுரையீரல், பல் செட், முன்பு ஏதேனும் அறுவை நடந்ததா என்பவை வழக்கமான கேள்விகள். அவற்றுக்குப் பிறகு அவர் கேட்டவைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. தினமும் மலம் கழிகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறதா, கடந்த மூன்று மாதங்களில் ஏதாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் தொடர்ந்து எடுக்கிறாரா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எத்தனை ஆண்டுகளாக எடுக்கிறார், மோர் தயிர் ஒத்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மா நான்கு ஆண்டுகளாக, யார் எழுதிக்கொடுத்தது என்றே நினைவில்லாமல், தினமும் காலையில் பான்டோப்ரசோல் மாத்திரை போட்டுவந்தார் என்பது எங்களுக்கே அன்றுதான் தெரியவந்தது.

மயக்க மருத்துவர் குடலைப் பற்றி ஏன் இவ்வளவு விசாரிக்கிறார் என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் விளக்கினார். பிறகு நானும் படித்துப் பார்த்தேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டார்கள். நாம் செரிக்க முடியாத நார்ப்பொருளை அவை நொதிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அந்தப் பியூட்டிரேட்தான். சாப்பாடு நின்றால் பாக்டீரியாக்களுக்கும் சாப்பாடு நிற்கிறது. அவற்றை நம்பியிருக்கும் குடல் சுவரும் அதனால் நலிகிறது. அறுவைச் சிகிச்சையின் போது பட்டினி, ஆன்டிபயாட்டிக், குடலைத் தொட்டுப் புரட்டுவதால் வரும் அழற்சி, இரத்த ஓட்டக் குறைவு, வலிநிவாரணிகள், மயக்க மருந்து ஆகிய அனைத்தும் ஒரே நாளில் அந்த உயிர்க்கூட்டத்தின் மீது விழுகின்றன. இவற்றுள் மயக்க மருந்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று மனிதர்களிடம் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். அறுவை இல்லாமல் யாருக்கும் பல மணி நேரம் மயக்கம் கொடுத்துப் பார்க்க முடியாது.

ஆகையால் இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி சுண்டெலிகளிடமிருந்தும் எலிகளிடமிருந்தும் வந்தவை. அறுவை எதுவும் செய்யாமல், ஐசோஃப்ளூரேன் என்ற ஆவி மயக்க மருந்தை மட்டும் சில மணி நேரம் சுவாசிக்கச் செய்த சுண்டெலிகளின் குடல் பாக்டீரியாக்களில் வகைகள் குறைந்து, கலவை மாறியதை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செவோஃப்ளூரேன் என்ற இன்னோர் ஆவி மருந்திலும் இத்தகைய மாற்றங்கள் விலங்குகளில் பதிவாகியிருக்கின்றன. 'உங்கள் அம்மாவுக்கு எந்த மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த ஆய்வுகளை வைத்து நான் முடிவு செய்ய மாட்டேன். அந்த அளவுக்கு அவை இன்னும் முதிரவில்லை' என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சேவையின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது இந்த இடத்தில்தான். குடல் பாக்டீரியா என்ற சொல்லைச் சொல்லி எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்ற நிலை உள்ள இந்தக் காலத்தில், ஒரு மருத்துவர் சான்றின் எல்லையைத் தானாகவே முன்வந்து சொல்வது பெரிய விஷயம்.

ஓப்பியாய்டு வகை வலிநிவாரணிகளைப் பற்றிப் பேசியபோது அவருடைய குரலில் உறுதி இருந்தது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால் போன்றவை மூளையில் வலியைத் தணிக்கும் அதே வகை ஏற்பிகள் குடல் சுவரின் நரம்புகளிலும் நிறைந்திருக்கின்றன. மருந்து அங்கே சென்று ஒட்டிக்கொண்டதும் குடலின் அலையசைவு தளர்கிறது, உள்ளே நீர் சுரப்பது குறைகிறது, மலம் இறுகுகிறது. இது மனிதர்களிடம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. அதற்கு மேலும் ஒரு படி உண்டு. மார்ஃபின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் பாக்டீரியாக் கலவை குலைந்து குடல் சுவரின் காப்பும் தளர்ந்ததையும், மார்ஃபின் பெறாத சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை அவற்றுக்கு மாற்றியதும் அந்தச் சேதம் குறைந்ததையும் சபிதா ராய் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். தேங்கி நிற்கும் குளத்தில் பாசி படர்வதைப் போல, அசையாத குடலில் நுண்ணுயிர்களின் சமநிலை மாறுவது இயல்புதான். அப்பாவுக்கு நேர்ந்ததை இப்போது திரும்பிப் பார்க்கும்போது, முழு மயக்கத்தைவிட அதைத் தொடர்ந்து வந்த டிரமடாலும், 7 நாள் ஆன்டிபயாட்டிக்கும், நீண்ட பட்டினியும்தான் பெரிய காரணங்களாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

குடலை வெட்டி இணைக்கும் அறுவையில் இந்தக் கவலை இன்னும் கூர்மையானது. இணைப்பு கசிந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தையல் சரியில்லாததால்தான் கசிவு வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழக அறுவை மருத்துவர் ஜான் ஆல்வெர்டியின் குழு 2015-இல் எலிகளில் செய்த ஆய்வு வேறொரு சாத்தியத்தை முன்வைத்தது. என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற, சாதாரணமாகக் குடலில் இருக்கும் பாக்டீரியாவின் சில வகைகள், இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் கொலாஜன் புரதத்தைச் சிதைத்துக் கசிவை உண்டாக்க முடியும் என்று அது காட்டியது. எங்கள் மருத்துவர் இந்த ஆய்வைப் பற்றிப் பேசவில்லை. நான் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும், மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது ஆலோசனைப் பிரிவின் செவிலியர் பொறுமையாக மருத்துவரிடம் கேட்டு விளக்கம் பெற்றுத் தந்தார் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அறுவைக்கு முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்து கொடுப்பார்களா என்ற கேள்விக்கும் அப்போதே பதில் கிடைத்தது. வெறும் பேதி மருந்தால் நோய்த்தொற்று குறைவதில்லை, வாய்வழி ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்தால்தான் பயன் தெரிகிறது, வலப்பக்க அறுவைக்கு எங்கள் அறுவை மருத்துவர் இரண்டையும் பயன்படுத்துவதில்லை என்றார்கள்.

நம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வியை அம்மாவும் கேட்டார்: 'முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியாதா? முழு மயக்கம் வேண்டாமே.' முதுகு ஊசி குடலுக்கு நல்லது என்ற எண்ணத்துக்கு ஓர் அடிப்படை உண்டு. மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் வரும் பரிவு நரம்புகள் குடலை அடக்கி வைப்பவை. தண்டுவட ஊசியோ, முதுகில் செருகி வைக்கும் எபிடியூரல் குழாய்வழிச் செலுத்தும் உணர்விழப்பு மருந்தோ அந்த நரம்புகளைத் தற்காலிகமாக நிறுத்தும்போது, குடலை இயக்கும் நரம்புகளின் கை ஓங்குகிறது. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைகளில், எபிடியூரல் வழியே உணர்விழப்பு மருந்து பெற்றவர்களுக்கு, ஓப்பியாய்டு பெற்றவர்களைவிடக் குடல் விரைவாக இயங்கத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் நன்கு உறுதியாகியிருக்கிறது. ஆனால் வயிற்றுக்குள் வாயு நிரப்பி, தலைப்பக்கம் தாழ்த்தியும் உயர்த்தியும் மூன்று மணி நேரம் செய்யும் லாப்ராஸ்கோப்பி அறுவையை விழித்திருக்கும் நோயாளி தாங்குவது கடினம். துளை வழி அறுவையில் வலி குறைவு என்பதால் எபிடியூரலின் கூடுதல் பயனும் குறைந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் இறங்குவது, கால் மரத்துப்போய் எழுந்து நடக்க முடியாமல் போவது ஆகிய தொல்லைகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆகவே முழு மயக்கம்தான் என்று அவர் முடிவாகச் சொன்னார்.

எந்த மயக்கம் என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நினைக்கக்கூடாது என்பதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டு எனக்குப் பிடித்தது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்கள் 1,600 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதுகு ஊசியும் மறு பிரிவுக்கு முழு மயக்கமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. 60 நாட்களுக்குள் இறந்தவர்களும், துணையின்றி நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதுகு ஊசிப் பிரிவில் 18.5 சதவீதம், முழு மயக்கப் பிரிவில் 18.0 சதவீதம். முதுகு ஊசி தெளிவாக வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்த இடத்தில் இரண்டும் சமமாக நின்றன.

அம்மாவுக்கு முடிவு செய்யப்பட்டது, ஆவி மயக்க மருந்தைத் தவிர்த்து, தொடக்கம் முதல் இறுதிவரை புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தும் முறை. பால்போல் வெண்மையாக இருக்கும் இந்த மருந்து சோயா எண்ணெயிலும் முட்டையின் லெசித்தினிலும் கலந்து தயாரிக்கப்படுவது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் குடல் பாக்டீரியா அல்ல. அம்மாவுக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பு கருப்பை அகற்றியபோது இரண்டு நாள் இடைவிடாமல் வாந்தி இருந்ததாம். ஆவி மருந்துகளைவிடப் புரோபோஃபாலில் வாந்தி குறைவு என்பது உறுதியான செய்தி. வாந்தி இல்லாவிட்டால் சீக்கிரம் சாப்பிடலாம், சீக்கிரம் சாப்பிட்டால் குடலும் அதன் குடிகளும் சீக்கிரம் மீளும் என்று அவர் கோத்துச் சொன்னபோது, மயக்க மருந்துத் தேர்வுக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு எனக்கு ஒரு நேர்க்கோடாகத் தெரிந்தது. வலிக்கு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி வயிற்றுச் சுவரின் தசையடுக்குகளுக்கு இடையே இருபுறமும் மரத்துப்போகும் ஊசி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால். இரண்டும் போதாவிட்டால் மட்டும் சிறிய அளவில் ஓப்பியாய்டு. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைத் தவிர்ப்பதாகவும் சொன்னார். குடலுக்குள் ஏற்கெனவே உள்ள வாயுவோடு அது வேகமாகச் சென்று சேர்ந்து குடலை உப்பச் செய்யும்.

உணவு விஷயத்தில் எழுதிக் கொடுத்த குறிப்பு ஒரு பக்கம்தான். ஆனால் அப்பாவின் 16 மணி நேரப் பட்டினியைப் பார்த்த எனக்கு அது ஒரு பெரிய ஆறுதல். அறுவைக்கு 6 மணி நேரம் முன்புவரை இட்லி போன்ற எளிய உணவு, 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் அல்லது பால் சேர்க்காத டீ. சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால்தான், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைகிறதா என்று அவர் முன்பே கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லாததால் இந்த அனுமதி. பான்டோப்ரசோல் உண்மையிலேயே தேவையா என்று வழக்கமான மருத்துவரிடம் கேட்கும்படியும் எழுதியிருந்தார். வயிற்று அமிலம் குறைந்தால் வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் பிழைத்துக் குடல்வரை சென்று குடியேற வாய்ப்பு கூடுகிறது.

அறுவை நாள் காலை 8 மணிக்கு முறையாகத் தொடங்கியது. தோலில் கத்தி வைப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் செலுத்தியதாகவும், அறுவைக்குப் பிறகு தொடர்வதாக இல்லை என்றும் அரங்கிலிருந்து வெளியே வந்த மயக்க மருத்துவரே எங்களிடம் சொன்னார். தடுப்புக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை அறுவை முடிந்த பிறகும் நீட்டிக்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குடல் பாக்டீரியாக்களுக்கு ஆன்டிபயாட்டிக்கைவிடப் பெரிய பகை வேறெதுவும் அறுவை அரங்கில் இல்லை. சிலருக்கு அவை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள்கூட ஆகின்றன. நோயாளியின் குடும்பம் மயக்க மருந்தைப் பற்றி பத்துக் கேள்வி கேட்டால் ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி இரண்டு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றியது.

மாலை 4 மணிக்கு அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார். வாந்தி வரவில்லை. 6 மணிக்குக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மறுநாள் காலை சர்க்கரை இல்லாத சூயிங் கம் கொடுத்து, தினமும் மூன்று வேளை மெல்லச் சொன்னார்கள். மெல்லும்போது உணவு வருவதாகக் குடல் எண்ணிக்கொள்ளும் என்பது கணக்கு. வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சூயிங் கம் மெல்லாத அம்மா அதை ஒரு மருந்தைப் போல மணி பார்த்து மென்றார். அன்று பகலில் ரசம் சோறு, வராந்தாவில் இரண்டு நடை. அறுவைக்குப் பிறகு சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளும், பெருங்குடல் இரண்டு மூன்று நாட்களிலும் இயக்கத்துக்குத் திரும்புவது வழக்கம். அம்மாவுக்கு இரண்டாம் நாள் இரவு காற்றுப் பிரிந்தது. 'கேஸ் போச்சா' என்று செவிலியர் கேட்டபோது அம்மா வெட்கத்தோடு தலையசைத்ததும், நான் வெளியே வந்து அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் பேச முடியாமல் நின்றதும் எங்கள் குடும்பத்துக்கு மட்டுமே புரியும்.

இந்த முறையின் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. நீண்ட பட்டினி, படுக்கை, குழாய்கள், ஓப்பியாய்டு ஆகியவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றாகக் குறைத்தால் நோயாளி விரைவில் மீள்கிறார் என்று 1990-களில் அங்கே ஹென்ரிக் கெஹ்லெட் என்ற அறுவை மருத்துவர் காட்டினார். அதில் விலையுயர்ந்த கருவி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு பணிமுறையிலும் ஒவ்வொருவரும் திட்டத்தை அறிந்திருக்க வேண்டும். எங்கள் மருத்துவமனை தடுமாறியது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வார்டில் இருந்த பணி மருத்துவரும் செவிலியரும் வாரநாட்களில் இருந்தவர்கள் அல்லர். அம்மா வலி என்று சொன்னதும், கோப்பில் பாராசிட்டமால் நேரம் தாண்டியிருந்ததைக் கவனிக்காமல், டிரமடாலை டிரிப்ஸில் போட்டுவிட்டார்கள். அன்று மாலை முழுவதும் குமட்டல். இரவு உணவை அம்மா தொடவில்லை. வயிறு கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று சொல்லி மறுநாள் காலை உணவையும் நிறுத்தினார்கள். ஆலோசனைப் பிரிவின் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கப்படுவதில்லை. திங்கள் காலையில் மயக்கவியல் குழு வந்து பார்த்து, திட்டத்தைத் திரும்ப நிறுவி, வருத்தமும் தெரிவித்தது. பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. அன்றே மலமும் கழிந்தது. இருந்தாலும், 50 நிமிடம் பேசி வகுத்த திட்டம் ஒரு விடுமுறை நாளில் எவருக்கும் தெரியாமல் போவது சிறு குறையன்று. படுக்கையின் தலைமாட்டில் ஓர் அட்டையில் 'முதலில் பாராசிட்டமால், ஓப்பியாய்டுக்கு முன் அழைக்கவும்' என்று எழுதி மாட்டினாலே போதும். இதை எழுத்துமூலமாக அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.

வீடு திரும்பும் நாளன்று இன்னொரு சிக்கல். மருந்துச் சீட்டில் 5 நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை, ஒரு மாதத்துக்குப் பான்டோப்ரசோல், இரண்டு வாரத்துக்குப் புரோபயாட்டிக் பொடி ஆகிய மூன்றும் இருந்தன. நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தையும் அவற்றை வளர்ப்பதாகச் சொல்லும் பொடியையும் ஒரே தாளில் பார்த்துத் திகைத்துப்போய் அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அது எல்லோருக்கும் கணினியில் அச்சாகும் வழக்கமான பட்டியல் என்று ஒப்புக்கொண்டு, ஆன்டிபயாட்டிக்கையும் பான்டோப்ரசோலையும் அடித்துவிட்டார். புரோபயாட்டிக் வேண்டுமா என்பதை எங்களிடமே விட்டார். நாங்கள் வாங்கவில்லை. அம்மா முதல் இரண்டு வாரம் குழைந்த சோறும், நீர் மோரும், தோல் நீக்கிய காய்களும் சாப்பிட்டார். பிறகு நார் உள்ளவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். பழைய சோறு கொடுக்கலாமா என்று அத்தை கேட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதைப் பற்றி ஆய்வு நடத்துகிறார்கள் என்ற செய்தி எங்களுக்கும் தெரியும். ஆனால் புதிதாக இணைத்த குடலுக்கு எது எப்போது என்பதை அறுவை மருத்துவரைக் கேட்டே செய்தோம். அவர் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்.

ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது என்பது என் மூன்றாவது குறை. மருத்துவர் நல்ல தமிழில் அத்தனையும் விளக்கிய பிறகு, எட்டாம் வகுப்பு படித்த அம்மா தனக்குப் புரியாத தாளில் கையெழுத்துப் போட நேர்ந்தது. மயக்க முறைகள், அவற்றின் பயன்கள், ஆபத்துகள், சாப்பிடலாம் என்ற நேரங்கள் ஆகியவற்றைத் தமிழில் நான்கு பக்கத்தில் அச்சிடுவது இந்த மருத்துவமனைக்கு எட்டாத வேலையல்ல. செலவைப் பொறுத்தவரை, இரத்தக்குழாய் வழி மயக்கத்துக்கும் வயிற்றுச் சுவர் ஊசிக்கும் தனியாகத் தொகை சேர்க்கப்பட்டிருந்தது. எங்கள் காப்பீடு ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் ஏற்க மறுத்தது. அப்பா 2016-இல் 11 நாட்கள் படுத்திருந்தார். அம்மா 6-ஆம் நாள் வீட்டுக்கு வந்தார். இருவருக்கும் நடந்த அறுவை வேறு, நுட்பம் வேறு, ஆகவே இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிடுவது நியாயமாகாது என்பதை அறிவேன். அறைவாடகையையாவது ஒப்பிடலாம், அந்த 600 ரூபாய் அதில் ஒரு பொருட்டே அல்ல.

ஆலோசனைப் பிரிவுக்கு மட்டும் மதிப்பெண் தரச் சொன்னால் 5-க்கு 5 தருவேன். திட்டம் வார்டில் நடந்த விதத்துக்கு 3. வயிற்று அறுவைக்குத் தேதி குறித்திருப்பவர்கள், முதுகு ஊசியா முழு மயக்கமா என்பதோடு நிற்காமல், எத்தனை மணிவரை தண்ணீர் குடிக்கலாம், வலிக்கு முதலில் என்ன மருந்து, ஆன்டிபயாட்டிக் எத்தனை வேளை, எப்போது சாப்பாடு என்ற நான்கையும் அங்கே கேட்டு, பதிலை எழுதி வாங்கி, வார்டுக்கும் கையோடு கொண்டுசெல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு யாரை அழைப்பது என்பதையும் கேளுங்கள்.

ஓராண்டு நிறைவில் அம்மாவுக்குக் கொலோனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். அதற்கும் பேதி மருந்தும் சிறு மயக்கமும் உண்டு. அதே ஆலோசனைப் பிரிவில் அடுத்த மாதம் நேரம் வாங்கியிருக்கிறோம். சென்ற முறை எழுதிக் கொடுத்த அந்த ஒரு பக்கக் குறிப்பை அம்மா பீரோவில் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறார்.